சட்டத்துல இடமில்லைங்க

அந்த வங்கிக் கிளையில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். கணக்கில் ஒரு காசு கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகாத கூட்டம் அது. ஆனால் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எல்லாரும் மூச்சு விடுவதுபோலச் சொல்வார்கள்: “சட்டத்துல இடமில்லைங்க.”

சொல்லிக்கொடுத்தவர் மேனேஜர். மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாளே, வாட்ச்மேன் முதல் வாடிக்கையாளர் வரை எல்லாரும் ‘மூணாம் நம்பர் அக்கா’ என்று கூப்பிடுகிறார்களே, அவளுக்கு அந்தப் பாடம் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே கிடைத்தது. பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்த ஒரு தையல்கடைக்காரரிடம், “எங்க பேங்க் ரூல்படி நீலம் இல்லன்னா கறுப்புதான் சார்” என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். யார் போட்ட ரூல், எங்கே எழுதியிருக்கு, எடுத்துக் காட்டு என்று அந்த மனிதர் முக்கால் மணி நேரம் அவளை வறுத்தெடுத்தார். வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. கடைசியில் மேனேஜர் தம் அறையிலிருந்து எழுந்து வந்து, சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு, “சட்டத்துல இடமில்லைங்க” என்றார். தையல்கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் நீலப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

“பாத்தியாம்மா?” என்றார் மேனேஜர். “ரூல்னு சொன்னா யார் போட்டதுன்னு கேப்பான். சட்டம்னு சொன்னா வீட்டுக்குப் போவான்.”

இது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்த போட்டோ, ஐந்து மூட்டைக்கு மேல் சில்லறை, அடித்துத் திருத்திய விண்ணப்பம், சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்கும் வாடிக்கையாளர், எல்லாவற்றுக்கும் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. எது நாட்டின் சட்டம், எது தலைமை அலுவலகத்தின் விதி, எது மேனேஜரின் சோம்பல் என்பது ஆரம்பத்தில் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. நாளாக ஆக மூன்றும் ஒரே மாவாகக் குழைந்துவிட்டன. ஊரை ஏமாற்றச் சொன்ன பொய்யைக் கடைசியில் சொன்னவளே நம்பிவிட்டாள். அவளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? தினமும் இருநூறு தடவை சொன்னால் யாரும்தான் நம்புவார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்சி ஓட்டுகிற பெண் ஒருத்தி கவுண்டருக்கு வந்தாள். கையில் கார் சாவி, கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு.

“அக்கா, நான் கொஞ்சம் கிரிப்டோ வாங்கி வெச்சிருந்தேன். அதுல கொஞ்சத்த வித்து, காச என் கணக்குக்கு அனுப்பச் சொன்னேன். திருப்பி அனுப்பிட்டீங்களாமே, ஏன்?”

தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கை கண்ணாடித் தடுப்பின் உள்பக்கத்தில்தான் ஒட்டியிருந்தது. ‘மெய்நிகர் நாணயம் தொடர்பான பரிமாற்றங்கள் நமது கணக்குகளில் அனுமதிக்கப்படுவதில்லை.’ அதில் ‘நமது’ என்று ஒரு சொல் இருந்தது. அதை அவள் அன்று வரை கவனித்ததில்லை.

“சட்டத்துல இடமில்லம்மா.”

“பேங்க்ல போடறதுதான் கூடாதா, இல்ல வெச்சிருக்கறதே தப்பா?”

நியாயமான கேள்விதான். அவளுக்குப் பதில் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்கிற பழக்கம் அந்தக் கவுண்டரில் கிடையாது. “வெச்சிருக்கறதே தப்புதான். மாட்டினா கேஸாயிடும். பாத்து இருந்துக்க” என்றாள். டாக்சிக்காரியின் முகம் வெளிறிப் போனது. மேற்கொண்டு நிற்காமல் போய்விட்டாள். ஒருத்தியைக் குழியில் விழாமல் காப்பாற்றிவிட்டோம் என்று மூணாம் நம்பருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அது இவ்வளவு சீக்கிரம் சுடும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மாலை, திருப்பி அனுப்பப்பட்ட பரிமாற்றங்களின் பட்டியலில் வரிசையாக ‘பார்த்தேன்’ என்று டிக் போட்டுக்கொண்டு வந்தாள். ஏழாவது வரியில் பேனா நின்றது. அந்தக் கணக்கு எண் அவளுக்கு மனப்பாடம். அதைத் திறந்து கொடுத்ததே அவள்தான். அது அவள் வீட்டுக்காரரின் கணக்கு. பக்கத்தில் காரணம் போட்டிருந்தது: மெய்நிகர் நாணயம், அனுமதி இல்லை.

யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் கவுண்டர் தம்பி ரப்பர் ஸ்டாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த வரிக்கும் டிக் போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

அதே நேரம் மேனேஜர் அறையிலிருந்து குரல் கொடுத்தார். “நாளைக்கு தலைமை ஆபீஸ்ல இருந்து இன்ஸ்பெக்‌ஷன் வருது. எல்லாரும் டிராயர், பீரோ, உங்க கைப்பை உட்பட சுத்தமா வெச்சிருங்க. வர்ற அம்மா பயங்கர ஸ்ட்ரிக்ட்டாம்.”

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் உட்காரவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள்.

அவள் வீட்டுக்காரரின் தொழிலைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று புரியாது. இல்லாத நாடுகளுக்கு அவர் வரைபடம் வரைகிறார். கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் வருகிற கற்பனைத் தீவு, மலை, ஆறு, கோட்டை எல்லாவற்றுக்கும் எங்கோ ஒருவர் படம் போடத்தானே வேண்டும்? முன்பு நில அளவை ஆபீஸ் ஒன்றில் நிஜ நிலத்தை வரைந்துகொண்டிருந்தார். அந்த ஆபீஸ் மூடி நாலு வருஷமாயிற்று. அன்றிலிருந்து மூன்றாவது மாடி வீட்டின் பின்னறையில், சாய்ந்த பலகைக்கு முன்னால், காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருக்கிறார். அவளுடைய அண்ணன் எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவான்: “என்ன மாப்பிள்ளை, இல்லாத ஊருக்குப் போகாத வழி போட்டாச்சா?” எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அவர் சிரித்துவிட்டு உடனே சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிப்பதை அவள் மட்டும் பார்த்திருக்கிறாள்.

“என்னங்க, உங்க கணக்குக்கு என்ன பணம் வரப் பாத்துச்சு?”

பலகையிலிருந்து தலை நிமிர்ந்தார். மூக்கு நுனியில் பழுப்பு மை. “அடடா, உன் கண்ணுல பட்டுடுச்சா? வந்து சேந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்.”

சந்தோஷமாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இரண்டு வருஷமாக வெளிநாட்டுக் கம்பெனிகள் இரண்டு அவருக்குக் கிரிப்டோவில்தான் கூலி கொடுக்கின்றனவாம். அவர் ஒரு காசு எடுக்காமல் அப்படியே சேர்த்து வைத்திருக்கிறாராம். இன்றைய விலைக்கு அவளுடைய பதினான்கு மாதச் சம்பளம் தேறுமாம். கீழே பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் சாவி வெட்டுகிறவர் காலி செய்த அறை வாடகைக்கு இருக்கிறது. அதற்கு முன்பணம் கொடுக்கத்தான் கொஞ்சம் மாற்றிப் பார்த்தாராம்.

“ஒரு மேஜை, ஒரு பலகை, வெளிய ஒரு போர்டு. அவ்ளோதான். காலைல வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு வீட்ட விட்டு இறங்கணும்மா எனக்கு. நாலு வருஷமாச்சு.”

அவள் காதில் அது விழுந்தது. ஆனால் அவள் தலைக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது: நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன், பட்டியலில் ஏழாவது வரி, வங்கி ஊழியரின் வீட்டுக்காரர், போலீஸ், வேலை நீக்கம், வாசலில் அண்ணன்.

“இது சட்டப்படி தப்புங்க.”

“அப்படியா? நான் படிச்சதுல அப்படி எங்கயும் இல்லியே. வரி கட்டணும்னுதான் போட்டிருந்துச்சு. அதுக்குக்கூடக் கணக்கு எழுதி வெச்சிருக்கேன்.”

“நீங்க எங்கயோ படிச்சீங்க. நான் பதினோரு வருஷமா கவுண்டர்ல உக்காந்திருக்கேன். தினமும் திருப்பி அனுப்பறோம். சட்டத்துல இடமில்ல. வெச்சிருந்தாலே கேஸு.”

கவுண்டர் குரல் அது. ஏற்ற இறக்கமில்லாத, மேலே பேச இடம் கொடுக்காத குரல். வீட்டில் அந்தக் குரலை அவள் அதுவரை எடுத்ததில்லை. அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?”

அவள் கண் முன்னாலேயே போனிலிருந்து அந்தச் செயலியை அழித்தார். கம்ப்யூட்டரிலும் அழித்தார். பிறகு பலகைக்கு அடியில் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். வெளிர் பச்சைக் கட்டம் போட்ட, படம் வரைகிற தாள். உள்ளே பழுப்பு மையில், ஒன்றன் கீழ் ஒன்றாக ஆங்கிலத்தில் பன்னிரண்டு சொற்கள். குடை, எலுமிச்சை, கழுதை, ஏணி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

“என்னங்க இது, எல்.கே.ஜி. பாடமா?”

“இதுதான் சாவி. இது இருந்தா உலகத்துல எங்க இருந்தும் அதத் திறந்துக்கலாம். இது போச்சுன்னா யாராலயும் திறக்க முடியாது. நான் அழுது பொரண்டாலும் முடியாது.” தாளை அவள் கையில் வைத்தார். “என்கிட்ட இருந்தா ஆசை வரும். உன்கிட்டயே இருக்கட்டும். என்னைக்காவது சட்டம் மாறினா பாத்துக்கலாம். தூக்கி மட்டும் போட்டுடாத, என்ன?”

அவள் தலையாட்டினாள். ஆட்டினாள் என்பதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவளே அதை மறக்கப் பார்த்தாள்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். மறுநாள் காலை கைப்பைக்குள் இருந்த அந்தத் தாள் அவளுக்குப் பாறாங்கல் மாதிரி கனத்தது. பஸ்ஸில் பக்கத்தில் வந்து நின்றவன் காக்கிச் சட்டை போட்டிருந்தான். கூரியர்க்காரன்தான், தோளில் பை இருந்தது. ஆனாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மீதித் தூரத்தை நடந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அரண்டவளுக்கு வெளிச்சத்திலேயே தெரியும்.

கிளையின் பின்பக்கம், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் தாள் கிழிக்கும் இயந்திரம் இருந்தது. அதற்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘கரையான்’. பழைய மாடல், தாளை நீள நீளமான நாடாக்களாகக் கிழித்துத் துப்பும். பொடிப்பொடியாக அரைக்கிற புதியது வாங்கச் சொல்லித் தலைமை அலுவலகம் இரண்டு தடவை எழுதிவிட்டது. மேனேஜர் இரண்டு கடிதத்தையும் பத்திரமாகக் கோப்பில் போட்டு வைத்திருந்தார்.

மணி ஒன்பதே முக்கால். மேனேஜர் வாசலில் நின்று தலையைச் சீவிக்கொண்டிருந்தார். அவள் பழைய செலான்களோடு கரையானிடம் போனாள். முதலில் செலான்களைப் போட்டாள். பிறகு கைப்பையைத் திறந்தாள்.

தூக்கிப் போடாதே என்றுதானே சொன்னார்? இது தூக்கிப் போடுவது இல்லையே. இப்படியெல்லாம் மனசு வழக்குப் பேசியது. கை அதற்குள் மடிப்பைப் பிரித்துவிட்டது. பதினோரு வருஷப் பழக்கம், மடித்த தாளைக் கரையானுக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு நொடி குடையும் எலுமிச்சையும் தெரிந்தன. இயந்திரம் கர்ரென்று இழுத்துக்கொண்டது.

அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அன்று மதியம் வரை அவள் நிம்மதியாக இருந்தாள். டீ கூடக் குடித்தாள்.

வந்த ஆய்வு அதிகாரி குள்ளமான அம்மாள். தம் தண்ணீரைத் தாமே புட்டியில் கொண்டு வந்திருந்தார். கைப்பைகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பீரோ, லெட்ஜர், பெட்டகச் சாவி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு கடிதம் இருந்தது.

“ஒரு புகார் வந்திருக்கு. டாக்சி ஓட்டற ஒரு அம்மா எழுதியிருக்காங்க. கிரிப்டோ பத்திக் கேட்டதுக்கு, வெச்சிருக்கறதே சட்டப்படி தப்பு, கேஸாயிடும்னு இந்தக் கிளையில ஒருத்தர் சொன்னாங்களாம். பயந்துபோய், யாரோ ஒரு ஆள்கிட்ட வந்த விலைக்கு, பாதிக்கும் கீழ வித்துட்டாங்களாம். அப்புறம்தான் ஒரு வக்கீல் அவங்க வண்டியில ஏறியிருக்கார். அப்படி ஒரு சட்டமே இல்லம்மான்னு அவர் சொல்லியிருக்கார்.” கடிதத்தை மடித்தார். “யார் சொன்னது?”

மேனேஜர் கோப்பு ஒன்றைப் புரட்டத் தொடங்கினார்.

“நான்தான் மேடம்” என்றாள் மூணாம் நம்பர். சொன்னது தன் குரல்தானா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

“எந்தச் சட்டத்த வெச்சுச் சொன்னீங்க?”

“நாமதான்… அனுமதிக்கறதில்லையே மேடம். சர்க்குலர்ல…”

“நாம அனுமதிக்கறதில்ல. அது நம்ம பேங்கோட முடிவு. நமக்கு அந்தத் தலைவலி வேண்டாம்னு மேல இருக்கறவங்க நினைச்சாங்க. அடுத்த தெருவுல இருக்கற பேங்க் வாங்கிக்குது, போய்ப் பாருங்க. வீட்டு ஓனர் ஒருத்தர் வாடகைக்கு வர்றவங்க பூனை வளக்கக்கூடாதுன்னு சொல்றார்னு வைங்க. அதுக்காகப் பூனை வளக்கறவங்களையெல்லாம் போலீஸ் பிடிக்குமா?”

இரண்டாம் கவுண்டர் தம்பி சிரித்துவிட்டு, உடனே இருமினான்.

“அப்போ… வெச்சிருந்தா…” என்று இழுத்தாள். “வெச்சிருந்தா ஒண்ணும் இல்லையா மேடம்?”

“வெச்சிருந்தா வெச்சிருக்காங்க. வரிய ஒழுங்காக் கட்டினா போதும். விலை ஏறும், இறங்கும், திருட்டுப் பயலுங்க நிறைய, அது அவங்க பாடு. ஆனா நாட்டுல இன்னைக்குத் தேதிக்குத் தடை இல்ல.”

வரி கட்டணும்னுதான் போட்டிருந்துச்சு, கணக்குக்கூட எழுதி வெச்சிருக்கேன். நேற்று வீட்டுக்காரர் சொன்னது காதில் கேட்டது. பதினான்கு மாதச் சம்பளம் இருக்கட்டும். அது வந்தால் வருகிறது, போனால் போகிறது. ஆனால் அண்ணன் சிரித்தபோதெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டு அந்த மனிதர் சேர்த்தது அது. ‘நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று கையில் கொடுத்தது. அதை அவள் செலானோடு செலானாகப் போட்டாள்.

எப்படி வெளியே வந்தாள் என்று தெரியாது. கரையானின் வயிறு காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை. கிழித்த தாள்களை மூட்டை கட்டி, சீட்டுக் கட்டி, பின்வாசலில் வைத்துவிட்டார் வாட்ச்மேன். நாலு மணிக்குத் தலைமை அலுவலகத்து வண்டி வரும். ஐந்து மூட்டைகள் அங்கே அண்ணன் தம்பி மாதிரி சாய்ந்து நின்றன. சுவரில் மணி மூன்று பத்து.

அவள் ஓடிப்போய் மேனேஜர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

“சார், அந்த மூட்டைகள நான் இன்னைக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும். திங்கக்கிழமை அப்படியே கொண்டாந்துடறேன்.”

மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சட்டத்துல இடமில்லம்மா.”

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கேட்டாள்: “எந்தச் சட்டம் சார்?”

மேனேஜரின் பேனா நின்றது. தையல்கடைக்காரர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிய மனிதர், சட்டைக் கையைச் சரிசெய்தார். மூலை நாற்காலியில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆய்வு அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“எனக்கும் தெரிஞ்சுக்கணும்போல இருக்கு. எந்தச் சட்டம் சார்?”

“அது… ரூல்தான் மேடம்.”

“ஆமா, ரூல். நல்ல ரூல்தான். வாடிக்கையாளர் ரகசியம் வெளிய போகக்கூடாது.” அவள் பக்கம் திரும்பினார். “மூட்டையில உங்களுக்கு என்ன வேலை?”

“ஒரு தாள… தப்பாப் போட்டுட்டேன் மேடம்.”

“பேங்க் தாளா?”

“எங்க வீட்டுத் தாள்.”

அதிகாரி அவளையே பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த வியாழக்கிழமைப் பட்டியலைப் பார்த்தார். ஏழாவது வரியில் டிக் தாளைக் கிழித்திருந்தது. “மூட்டை வெளிய போகாது. ஆனா இங்கயே, என் கண் முன்னாடி பிரிச்சுப் பாக்கறதுக்கு ரூல்ல தடை இல்ல. வண்டி வர்ற வரைக்கும் நேரம் இருக்கு. பாருங்க” என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். முதல் மூட்டை, வெறும் வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவதில் கையை விட்டு அள்ளியபோது வெளிர் பச்சை ஒன்று தெரிந்தது. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் தொலைத்துக் கண்டவள்போல அதை இழுத்தாள். கட்டம் போட்ட தாள். ஒரு நாடாவுக்கு ஒன்றரைக் கட்டம். தாளின் அகலம் இருபத்துநாலு கட்டம். பதினாறு நாடா வேண்டும். இரண்டாம் கவுண்டர் தம்பி கேட்காமலே எதிரில் வந்து உட்கார்ந்தான். வாட்ச்மேன் விளக்கைப் போட்டார். கழுதை என்ற சொல்லின் தலை ஒரு நாடாவிலும் வால் ஒரு நாடாவிலும் கிடைத்தது.

மணி மூன்றே முக்காலுக்குப் பதினைந்து நாடாக்கள் அவள் மடியில் இருந்தன. பதினாறாவது இல்லை. மூன்றாம் மூட்டையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். நாலாவதையும் ஐந்தாவதையும் கொட்டினார்கள். கரையானின் பல்லுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அங்கே பச்சைத் தூள் ஒட்டியிருந்தது. அந்த நாடாவை இயந்திரம் நிஜமாகவே தின்றுவிட்டது. பின்வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

அவள் போனை எடுத்தாள்.

“என்னங்க.”

“சொல்லு. சாப்ட்டியா?”

அந்த ஒரு கேள்வியில் அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள். முன்னும் பின்னுமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

“நேத்து தலையாட்டினியே” என்றார் கடைசியில்.

“ஆட்டினேன்.”

“சட்டத்துல இடமில்லன்னு சொன்னது? தெரியாமச் சொன்னியா?”

“தெரியும்னு நெனச்சுச் சொன்னேங்க.”

பிறகு, நில அளவை ஆபீஸில் பேசுவாரே, அந்தக் குரலில் கேட்டார்: “எந்த இடத்து நாடா இல்ல? ஓரமா, நடுவா?”

“இடது பக்கத்துல இருந்து நாலாவது.”

“சரி. அந்தச் சொல்லெல்லாம் எல்லாருக்கும் பொதுவான ஒரு பட்டியல்ல இருந்து வர்றதுதான். எழுத்து ஒண்ணு ரெண்டு போனாப் பிடிச்சுடலாம். பாப்போம்.” போனை வைப்பதற்கு முன் சொன்னார்: “பஸ்ல காத்துல பறக்க விட்டுடாத.”

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி, புகார்க் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அவள் போன் செய்தாள். டாக்சிக்காரி எடுத்தாள். “நான்தாம்மா, மூணாம் கவுண்டர்…” என்று ஆரம்பிப்பதற்குள், “வண்டி ஓட்டிட்டிருக்கேன்க்கா” என்று வைத்துவிட்டாள். அப்புறம் இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை. அந்தப் பாதி விலையை ஒட்டுவதற்கு எந்த மூட்டையிலும் நாடா இல்லை.

அன்று இரவு வீட்டில் அவர் நாடாக்களைப் பலகையில் பரப்பி, ஊசிமுனைக் குறடால் நகர்த்தி, பசை தடவி ஒட்டினார். நிலத்தை அளந்த கை. கட்டத்தோடு கட்டம் இம்மி பிசகாமல் சேர்ந்தது. நாலாவது இடத்தில் மட்டும் மேலிருந்து கீழே ஒரு வெள்ளைப் பள்ளம். எட்டுச் சொற்கள் பார்த்த உடனே தெரிந்தன. மூன்றைப் பட்டியலைப் பார்த்துப் பிடித்தார். கடைசி ஒன்றுக்கு ஐந்து சொற்கள் பொருந்தின. அழித்த செயலியை மறுபடி இறக்கி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அவள் பின்னால் நின்றாள். முதலாவது இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவது, இல்லை. நாலாவதற்குத் திரை மாறியது. அவருடைய இரண்டு வருஷமும், ஒரு காசு குறையாமல் அங்கே இருந்தது.

அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புதான்.

“அஞ்சாறு பேர் கை பட்ட சாவி. இனிமே இது ஆவாது” என்றார். எல்லாவற்றையும் செயலியிலேயே புதுப் பெட்டகம் ஒன்றுக்கு மாற்றினார். அதற்குப் புதிதாகப் பன்னிரண்டு சொற்கள் வந்தன. ஒரு பச்சைக் கட்டத் தாளை எடுத்து, பழுப்பு மையில் எழுதி, ஊதிக் காயவைத்து, நாலாக மடித்தார்.

அவள் தன்னையறியாமல் கையை நீட்டினாள். அவர் தாளைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“எங்கங்க வெக்கப் போறீங்க?”

“சட்டத்துல இடமில்லம்மா” என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். முடியாமல், எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

முன்பணம் அடுத்த தெரு வங்கி வழியாக வந்து சேர்ந்தது. சாவிக்கடைக்காரர் விட்டுப்போன அறையில் இப்போது அவருடைய போர்டு தொங்குகிறது. காலையில் இருவரும் ஒன்றாகத்தான் படியிறங்குகிறார்கள். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று மட்டும் அவளுக்கு இன்றுவரை தெரியாது.